ஷாங்காய்ல இருந்து ஒரு நாள் கால்வாய் ஊர் ட்ரிப்: ப்ரைவேட் கைடு எடுக்கலாமா, எந்த ஊர் நல்லது?

மீனா_எஸ்:

வணக்கம் மக்களே. ஏப்ரல் முதல் வாரம் ஷாங்காய் போறோம். வீட்டுக்காரருக்கு அங்க ஆபீஸ் மீட்டிங், கூட நான், அம்மா, 9 வயசு பையன். அவர் பகல் முழுக்க மீட்டிங்லயே இருப்பார், அதனால ஒரு நாள் நாங்க மூணு பேர் மட்டும் பக்கத்துல இருக்கற பழைய வாட்டர் டவுன் ஏதாவது ஒண்ணு பாத்துட்டு வரலாம்னு இருக்கோம். நெட்ல தேடினா ஜூஜியாஜியாவ், ஜோவ்ஜுவாங், தோங்லி, ஷிதாங், வூஜென்னு ஏகப்பட்ட பேர் வருது, போட்டோல எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வளைவுப் பாலம், சிவப்பு லாந்தர்னு இருக்கு, எதை எடுக்கறதுன்னே புரியல.

மூணு ஏஜென்ட் கிட்ட கேட்டேன். ஒருத்தர் ஜூஜியாஜியாவ் அரை நாள்ங்கறார். இன்னொருத்தர் ஜோவ்ஜுவாங், தோங்லி ரெண்டையும் ஒரே நாள்ல காட்டறேன்ங்கறார். மூணாவது ஆள் ஜோவ்ஜுவாங் கூட சில்க் ஃபேக்டரியும் முத்து கடையும் ஃப்ரீயா காட்டறேன்னு சொல்லி மத்தவங்கள விட ரொம்ப கம்மியா ரேட் குடுக்கறார். எல்லாமே கார், டிரைவர், இங்கிலீஷ் கைடு, ஹோட்டல் பிக்கப்போட.

அம்மாவுக்கு 68, முட்டி வலி உண்டு, மெதுவா நடப்பாங்க, படி ஏறினா நின்னு நின்னுதான். சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டாங்க. ஆனா பழைய வீடு, கோயில், கதைன்னா அவ்ளோ ஆர்வம், அதுக்காகத்தான் இந்த ட்ரிப்பே. கைடுக்கு குடுக்கற காசு வீண்தானா இல்ல நிஜமாவே பிரயோஜனமா? போய்ட்டு வந்தவங்க, அங்கயே இருக்கறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

புதோங்_வாசி:

மீனா, முதல்ல தேதிய பாருங்க, ஊர் அப்புறம். ஏப்ரல் 4, 5 வாக்குல இங்க சிங்மிங், அதாவது முன்னோர் கல்லறைய சுத்தம் பண்ணி கும்பிடற நாள், அதை ஒட்டி லீவு வரும், ஷாங்காய்ல பாதி பேர் இந்த ஊர்களுக்குத்தான் கிளம்புவாங்க. அந்த லீவ தவிர்த்துட்டு சாதாரண செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள் எடுங்க. மே மாசத் தொடக்கத்துல வர்ற லீவுக்கும் அக்டோபர் 1ல தொடங்கற வாரத்துக்கும் இதே கதைதான், ஒன்றரை ஆள் அகல சந்துல அத்தனை கூட்டம் நகர்றத பாத்தா முட்டி வலி இல்லாதவங்களுக்கே பயமா இருக்கும்.

இப்ப கைடு விஷயம். ஷாங்காய் வந்து செட்டில் ஆனதுல இருந்து ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்கள எல்லாம் நான் இந்த ஊர்களுக்கு கூட்டிட்டு போறேன், என் அபிப்பிராயம் என்னன்னா ப்ரைவேட் ட்ரிப்புக்கு குடுக்கற காசு காருக்கோ ஏசிக்கோ இல்ல, நேரத்துக்கு. க்ரூப் டூர் பஸ் எல்லாம் காலைல பத்து மணிக்கு மேல வந்து சாயங்காலம் நாலு மணிக்குள்ள திரும்பிடும், உங்க கையில வண்டி இருந்தா ஏழு மணிக்கு கிளம்பி எட்டரைக்கு அங்க நிக்கலாம். அந்த நேரத்துலதான் ஊர் ஊரா இருக்கும், வீட்டு பின்பக்கப் படியில உக்காந்து கீரை அலசிட்டு இருப்பாங்க, கடைக்காரர் பலகைய ஒண்ணொண்ணா கழட்டிட்டு இருப்பார், பாலத்துல நடுவுல நின்னு மூச்சு வாங்கினாலும் பின்னாடி யாரும் தள்ளமாட்டாங்க. ஏஜென்ட் ஒன்பது மணிக்குத்தான் பிக்கப்னு சொன்னார்னா நீங்க ப்ரைவேட்டுக்கு காசு குடுத்து க்ரூப் டூர் நேரத்த வாங்கறீங்கன்னு அர்த்தம், அதனால ரேட் பேசறதுக்கு முன்னாடி கிளம்பற நேரத்த பேசுங்க.

ரெண்டு ஊர் ஒரே நாள்ல வேண்டவே வேண்டாம். ஷாங்காய் நடுவுல இருந்து ஜூஜியாஜியாவ் ஒரு மணி நேரம், ஜோவ்ஜுவாங் ஒன்றரை, தோங்லி கிட்டத்தட்ட ரெண்டு, வூஜென் ரெண்டுக்கும் மேல போகும். ரெண்டு ஊர்னா பாதி நாள் ஹைவேலயும் பார்க்கிங்லயும்தான். அம்மாவுக்கு ஒரு ஊர், நடுவுல நல்லா உக்கார ஒரு டீக்கடை, அது போதும்.

எந்த ஊர்னா என் ஓட்டு ஜோவ்ஜுவாங். கூட்டம் ஜாஸ்தி, வியாபாரம் ஜாஸ்தின்னு எல்லாரும் குறை சொல்வாங்க, உண்மைதான், ஆனா பழைய வீடுகள் அங்க இருக்கற மாதிரி மத்த இடத்துல சுலபமா பாக்க கிடைக்காது. ஜாங் வீடுன்னு ஒண்ணு, மிங் ராஜ வம்ச காலம், 1449 வாக்குல கட்டினது. அதுக்குள்ள ஒரு சின்ன ஓடை வீட்டுக்கு அடியிலயே புகுந்து போகும், பல்லக்கு முன்வாசல்ல வரும், படகு வீட்டுக்குள்ளயே வரும்னு சொல்வாங்க. பின்பக்க அறையில போய் நின்னா ஜன்னலுக்கு கீழ தண்ணி தெரியும், படகு திருப்பறதுக்குன்னே ஒரு இடத்துல குளம் மாதிரி அகலப்படுத்தி வச்சிருப்பாங்க, அது பக்கத்துல போனாத்தான் கண்ணுல படும், கைடு இல்லாம போனவங்க முக்கால்வாசி பேர் அத பாக்காமலே தாண்டிடுவாங்க. இன்னொண்ணு ஷென் வீடு, 1742ல கட்டினது, நூறு அறைக்கு மேல, தெருவுல இருந்து பாத்தா ஒரு கடை வாசல் அளவுதான் தெரியும், உள்ள போகப் போக முற்றம் முற்றமா நீண்டுட்டே போகும். ஷென் வான்சான்ங்கற பெரிய பணக்கார வியாபாரியோட வம்சத்து வீடு. மிங் முதல் சக்கரவர்த்திக்கு நான்ஜிங் மதில் கட்ட அந்த வியாபாரி பணம் குடுத்தார், அதுவே வினையாகி தென்மேற்குக் கோடியில இருக்கற யுன்னானுக்கு நாடு கடத்திட்டாங்கன்னு ஒரு கதை உண்டு. உங்க அம்மா மாதிரி ஆளுக்கு இந்த கதை எல்லாம் சொல்ல ஒரு நல்ல கைடு வேணும், அந்த வகையில காசு வீண் இல்ல.

ஆறுமுகம்_சூஜோ:

புதோங் அண்ணா சொன்ன நேரக் கணக்கு நூத்துக்கு நூறு சரி. ஊர் விஷயத்துல மட்டும் நான் மாறுபடறேன்.

முட்டி வலி இருக்கறவங்கள ஜோவ்ஜுவாங் கூட்டிட்டு போனா அந்த இரட்டைப் பாலத்துல மாட்டிப்பாங்க. ரெண்டு பாலம் சேர்ந்து எல் மாதிரி நிக்கும், ஒண்ணுக்கு வட்ட வளைவு, இன்னொண்ணுக்கு சதுர வாய், பழைய சீன சாவி மாதிரி இருக்கும்பாங்க. சென் யிஃபெய்ங்கற ஓவியர் 1984ல அத வரைஞ்சதுக்கு அப்புறம்தான் அந்த ஊருக்கு உலகப் பேரே வந்துச்சு, அதனால எல்லாரும் அங்கதான் நிப்பாங்க, கல்படி தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும், லேசா மழை பெஞ்சா அவ்ளோதான். ஏப்ரல்ல மழை வரும்.

நான் தோங்லி சொல்றேன். 49 பாலம்னு பேர்தான் பெருசு, பழைய ஊர் நடுவுல தெரு எல்லாம் தட்டை, மரத்தடியில தண்ணிய ஒட்டி உக்கார்ற மாதிரி இடம் நிறைய. அங்க தைபிங், ஜிலி, சாங்சிங்னு மூணு சின்னப் பாலம் கிட்டகிட்டயே இருக்கு, கல்யாண ஊர்வலம் மூணையும் சுத்தி வந்தா நல்லதுன்னு வழக்கம், இப்பவும் கல்யாண ஜோடிங்க வந்து நடக்கறத பாக்கலாம். அம்மாவுக்கு முடிஞ்சா ஒண்ணு ஏறட்டும், முடியலன்னா கீழ உக்காந்தே மூணையும் பாக்கலாம்.

தோங்லிக்கு போறதே துய்சி தோட்டத்துக்காகத்தான். ரென் லான்ஷெங்னு ஒரு அதிகாரி, பதவி போனதும் ஊருக்கு திரும்பி வந்து 1885 - 87ல கட்டினது. பக்கத்து நகரம் சூஜோவோட தோட்டங்களோட சேர்த்து 2000ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல வந்துச்சு. சின்ன இடம்தான், ஆனா நடுக் குளத்த சுத்தி இருக்கற மண்டபம் எல்லாம் தண்ணிக்கு ரொம்ப நெருக்கமா, தரையே தண்ணி மேல மிதக்கற மாதிரி தாழ்வா கட்டியிருப்பாங்க. கூரை போட்ட நடை பாதை சுத்தி இருக்கு, மழை பெஞ்சாலும் கவலை இல்ல. பெரிய தோட்டம்னா அம்மா பாதியில உக்காந்துடுவாங்க, இது அவங்க காலுக்கு ஏத்த அளவு. பையனுக்கு கால்வாய்ல நீர்க்காக்கைய வச்சு மீன் பிடிக்கறத காட்டுவாங்க, கழுத்துல நூல் கட்டி பெரிய மீனை முழுங்க விடாம பண்ணியிருப்பாங்க. சில பேருக்கு அது பிடிக்கிறதில்ல, பாத்துக்கங்க.

லைன்17:

நான் வேற பக்கம் பேசறேன், கோவிச்சுக்காதீங்க. ஜூஜியாஜியாவ் போங்க, கைடே வேண்டாம். மெட்ரோ 17வது லைன் ஹோங்சியாவ் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்து நேரா போகுது, ஜூஜியாஜியாவ்னே ஸ்டேஷன் இருக்கு, டிக்கெட் பத்து யுவான் கூட ஆகாது. இறங்கி பதினஞ்சு இருபது நிமிஷம் நடக்கணும், அம்மாவுக்காக டீடீ (நம்ம ஊர் ஓலா, ஊபர் மாதிரி டாக்ஸி ஆப்) பிடிச்சுக்கங்க. ஊருக்குள்ள போக டிக்கெட் கிடையாது, சில வீடு, தோட்டத்துக்கு மட்டும்தான். ஜோவ்ஜுவாங், தோங்லி எல்லாம் வாசல்லயே ஆளுக்கு 100 யுவான் கணக்குல வாங்கிடுவாங்க.

அங்க ஃபாங்ஷெங் பாலம்னு ஒண்ணு, 1571ல ஒரு பௌத்த துறவி முன்ன நின்னு கட்டினது, 1812ல திரும்ப எடுத்துக் கட்டினாங்க, அஞ்சு வளைவு, இந்த பக்கத்துலயே பெரிய பழைய கல்பாலம். பாலத்தடியில பிளாஸ்டிக் பையில குட்டி மீன் விப்பாங்க, வாங்கி ஆத்துல விடறது புண்ணியம்னு. என் பொண்ணு அந்த பைய ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டு படியில இறங்கி தண்ணிய தொட்டு மெதுவா கவுத்தினா, மீன் போனதுக்கு அப்புறமும் ரொம்ப நேரம் எட்டி எட்டி பாத்துட்டே இருந்தா. உங்க பையனுக்கு கண்டிப்பா பிடிக்கும்.

படகு அங்க ஆள் கணக்கு இல்ல, படகு கணக்கு. மூணு பேர்னாலும் ஒரே காசு, ஆறு பேர்னாலும் அதே காசு, போர்டுல எழுதியே வச்சிருப்பாங்க. பின்னாடி ஒருத்தர் நின்னு ஒரே ஒரு துடுப்ப இடமும் வலமும் திருப்பித் திருப்பி ஓட்டுவார். ஏஜென்ட் படகும் சேர்த்துன்னு சொன்னா முழுப் படகு உங்களுக்கு மட்டுமா, எந்த ரூட்டுன்னு கேளுங்க.

மீனா_எஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எழுதுவீங்கன்னு நினைக்கல. சிங்மிங் விஷயம் தெரியவே தெரியாது, தேதிய ஒரு வாரம் தள்ளி பாக்கறேன்.

லைன்17, மெட்ரோ ஐடியா நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்மாவ வச்சுகிட்டு ரெண்டு லைன் மாறி, பையனையும் பிடிச்சுகிட்டு, பாஷையும் தெரியாம எனக்கு தைரியம் வரல. வண்டி வேணும்னே தோணுது. அந்த மூணாவது ஏஜென்ட் பத்தி யாரும் சொல்லலயே, ரேட் நிஜமாவே பாதிதான். கடையில எதுவும் வாங்கணும்னு கட்டாயம் இல்ல, சும்மா பாத்தா போதும்னு சொல்றார். அப்புறம் சாப்பாடு, பே பண்றது எல்லாம் எப்படி?

கலா_ஹாங்ஜோ:

மீனாம்மா, அந்த மூணாவது ஆள விட்ருங்க. ரேட் எப்படி பாதி ஆகுதுன்னு யோசிங்க, பெட்ரோல், டோல், கைடு கூலி, டிக்கெட் எல்லாருக்கும் ஒண்ணுதானே, மிச்சம் அந்த சில்க் கடை, முத்து கடை குடுக்கற கமிஷன்ல வருது. கட்டாயம் இல்லன்னுதான் சொல்வாங்க. எங்க அத்தைய ஒரு கம்பெனிக்காரங்க இப்படித்தான் கூட்டிட்டு போனாங்க, டீ டேஸ்ட் பண்ணலாம்னு உக்கார வச்சு ஒண்ணரை மணி நேரம், ஊருக்குள்ள சுத்தறதுக்கு ஒரு மணி நேரம் கூட மிச்சம் இல்ல, அத்தைக்கு அந்த ஊர்ல என்ன பாத்தோம்னு கேட்டா டீ கப்புதான் ஞாபகம் இருக்கு. அத நினைச்சா எனக்கு இன்னமும் மனசு ஆறல, அவ்ளோ தூரம் வந்த மனுஷி.

இந்த நாட்டுல 2013 அக்டோபர்ல இருந்து சுற்றுலா சட்டம் இருக்கு, அதுல 35வது பிரிவு இதுக்காகவே எழுதினது. அடிமட்ட ரேட் காட்டி ஆள் பிடிச்சு கடைக்கு கூட்டிட்டு போய் கமிஷன் அடிக்கக் கூடாது. அப்படி வாங்க வச்சிருந்தா ட்ரிப் முடிஞ்சு 30 நாளைக்குள்ள ஏஜென்சி கிட்ட பொருள திருப்பிக் குடுத்து பணம் கேக்கலாம். புகார் பண்ண 12345 நம்பர் இருக்கு, ஷாங்காய்ல இங்கிலீஷ்ல பேசினாலும் எடுப்பாங்க. ஆனா ஊருக்கு கிளம்பற அவசரத்துல யாரு புகார் பண்ணிட்டு இருப்பா, அதனால முதல்லயே மெசேஜ்ல "கடை எதுவும் வேண்டாம், நேரா ஊர், நேரா ஹோட்டல்"னு எழுதி வாங்கிக்கங்க. சரின்னு எழுத்துல சொல்ல மாட்டேன்னு மழுப்பினா அங்கயே புரிஞ்சிடும். கைடுக்கு லைசென்ஸ் இருக்கான்னும் கேளுங்க, இங்க கைடு கார்டு இல்லாம யாரும் கைடு வேலை பாக்கக் கூடாது, கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டாங்க. சில பேர் டிரைவரையே கைடுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க, டிரைவருக்கு பெரும்பாலும் இங்கிலீஷ் வராது.

சாப்பாட்டுக்கு கொஞ்சம் முன்னேற்பாடு வேணும். இந்த ஊர்கள்ல எங்க திரும்பினாலும் பன்றிக்கால் தொங்கும், ஜோவ்ஜுவாங்ல அந்த ஷென் வான்சான் பேர்லயே முழுத் தொடைய சோயா, சர்க்கரை போட்டு செவக்க வேக வச்சு அடுக்கி வச்சிருப்பாங்க, அம்மா கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. காய்கறி ஆர்டர் பண்ணினாலும் பன்றிக்கொழுப்புல வதக்கிடுவாங்க இல்லன்னா கோழி ஸ்டாக், சிப்பி சாஸ் ஊத்திடுவாங்க, அவங்களுக்கு அது அசைவமாவே தோணாது. வெறுமனே சைவம்னு சொல்லாம, இறைச்சி, மீன், இறால், முட்டை, பன்றிக்கொழுப்பு, சிப்பி சாஸ், கோழிப்பொடி எதுவும் கூடாதுன்னு தனித்தனியா சீன மொழியில எழுதி போன்ல வச்சுக்கங்க, கைடு சொன்னாலும் இதையும் காட்டுங்க.

தாமரைத் தண்டோட ஓட்டைக்குள்ள பசை அரிசி அடைச்சு வேக வச்சு துண்டு போட்டு ஓஸ்மாந்தஸ் பூ பாகு ஊத்தி தருவாங்க, அது எல்லா ஊர்லயும் கிடைக்கும், அம்மாவுக்கு பிடிக்கும் பாருங்க. வீட்டு வாசல்லயே வயசான பாட்டிங்க உக்காந்து இலைய கூம்பு மாதிரி சுருட்டி அரிசி அடைச்சு நூல் சுத்திட்டு இருப்பாங்க, ஜோங்சி, அதுல பன்றி போட்டதுதான் ஜாஸ்தி, சிவப்பு பயறு போட்டதும் உண்டு, பாத்து கேட்டு வாங்குங்க. மதியத்துக்கு நான் ரிஸ்க் எடுக்கமாட்டேன், கையில புளியோதரையோ சப்பாத்தியோ எடுத்துட்டு போய்டுவேன். சாயங்காலம் ஷாங்காய் திரும்பி நல்ல சாப்பாடு வேணும்னா கோங்தேலின்னு சைவ ஹோட்டல் இருக்கு, 1922ல ஆரம்பிச்சது.

புதோங்_வாசி:

கலா அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, பே பண்றத மட்டும் நான் சொல்லிடறேன். கிளம்பறதுக்கு முன்னாடியே போன்ல அலிபே (இங்க எல்லாரும் பே பண்ற ஆப்) போட்டு பாஸ்போர்ட் போட்டோ ஏத்தி கார்ட லிங்க் பண்ணிடுங்க, ஏர்போர்ட்ல வந்து பண்ணிக்கலாம்னு விட்டீங்கன்னா ஓடிபி வராம அல்லாடணும். 200 யுவானுக்குள்ள ஒரு பேமென்ட்னா கூடுதல் சார்ஜ் இல்ல, அதுக்கு மேல 3 சதவீதம் எடுப்பாங்க, வெளிநாட்டு கார்டுக்கு. டீடீயும் அதுக்குள்ளயே இருக்கு. கொஞ்சம் சில்லறை நோட்டும் வச்சுக்கங்க, மீன் விக்கறவங்களுக்கு, பாட்டு பாடற படகுக்காரம்மாவுக்கு குடுக்க. கூகிள் மேப்ஸ இங்க நம்பாதீங்க. ரோமிங் சிம் போட்டா வாட்சப் வேலை செய்யும், ஹோட்டல் வைஃபைல செய்யாது. பாஸ்போர்ட் ஒரிஜினல் மூணு பேருதும் கையில இருக்கணும், டிக்கெட் கவுன்டர்ல கேப்பாங்க, அம்மா வயசுக்கும் பையனுக்கும் சலுகை இருக்கான்னு அப்பவே கேளுங்க.

ஆறுமுகம், முட்டி வலிக்கு தோங்லிதான் சரின்னு நீங்க சொன்னத நான் ஒத்துக்கறேன். ஜோவ்ஜுவாங் வீடுகள்லயும் உள்ள வாசப்படி எல்லாம் முழங்கால் உயரம், அது எனக்கு உறைக்கல.

வேலன்_எம்:

குறுக்க வந்து ஒண்ணு. வேற யாராவது இந்த இழைய படிச்சுட்டு ட்ரான்சிட்ல இறங்கி பாத்துட்டு போலாம்னு நினைச்சா, அந்த 240 மணி நேர விசா இல்லாத ட்ரான்சிட் இந்திய பாஸ்போர்ட்டுக்கு கிடையாது, விசா எடுத்துத்தான் வரணும். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்னா 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம்.

மீனா_எஸ்:

விசா கைல இருக்கு வேலன், நன்றி. அம்மா கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன், பதவி போன அதிகாரி கட்டின தோட்டம்னதும் அதுதான் வேணும்னுட்டாங்க. தோங்லி மட்டும், கடை கிடையாது, காலைல ஏழு மணி பிக்கப்னு ரெண்டாவது ஏஜென்ட் கிட்ட கேட்டேன், ஒரு ஊர் குறைச்சதுக்கு ரேட் குறைக்க மாட்டேன், ஆனா மத்ததெல்லாம் எழுதித் தர்றேன்னார். சரியா? இன்னொண்ணு, திரும்பற நேரம் எத்தனை மணி போடலாம்?

ஆறுமுகம்_சூஜோ:

எழுதித் தர்றார்னா தாராளமா எடுங்க அக்கா, நாள் முழுக்க வண்டியும் ஆளும் உங்களுக்குத்தானே, ஊர் எண்ணிக்கைக்கு அவர் ரேட் போடறதில்ல. தோட்டத்த முதல்லயே பாத்துடுங்க, கேட் திறந்த உடனே, பத்தரைக்கு மேல அந்த குளத்தச் சுத்தி நிக்க இடம் இருக்காது. அப்புறம் படகு, அப்புறம் மூணு பாலம் பக்கத்துல டீக்கடை, ரெண்டு மணி வரைக்கும் அம்மா கால நீட்டி உக்காரட்டும், அந்த நேரம் கைடும் பையனும் தனியா சுத்தட்டும். மூணு மணிக்கு கிளம்பிடுங்க, நாலரைக்கு மேல ஷாங்காய்க்குள்ள நுழையற ரோடு ஜாம் ஆயிடும், அதுல ஒரு மணி நேரம் சும்மா போய்டும். பார்க்கிங்ல இருந்து பழைய ஊருக்கு பேட்டரி வண்டி ஓடுதான்னு கைடு கிட்ட இன்னிக்கே கேட்டு வைங்க, ஓடுதுன்னா அந்த டிக்கெட்டையும் அவர் கணக்குலயே சேர்க்கச் சொல்லுங்க.